ஜெனரேட்டருக்கு வீட்டைக் காட்டாதே: சோலார் பேட்டரியோடு ஒரு பெட்ரோல் ஜெனரேட்டரைச் சேர்த்த பதிவு

தொடர்ந்து நான்கு நாள் வெயில் முகமே காட்டவில்லை. நான்காம் நாள் காலை பத்து மணிக்கு, கூரையில் 3.6 கிலோவாட் பேனல் இருந்தும், பேனல் மின்சாரத்தைப் பேட்டரிக்கு அனுப்பும் கன்ட்ரோலரின் திரையில் 140 வாட் ஓடிக்கொண்டிருந்தது. பேட்டரி 22 சதவீதம். வெளியிலிருந்து மின் இணைப்பே இல்லாத வீடு. ஃபிரிட்ஜை அணைப்பதா, தண்ணீர் மோட்டாரை மறந்துவிடுவதா என்ற நிலை. இரண்டு வருடமாகக் கொட்டகையில் சாக்கு போர்த்திக் கிடந்த பெட்ரோல் ஜெனரேட்டர் அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

இருக்கும் சாமான்களை முதலில் சொல்லிவிடுகிறேன். 16 செல் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி, 51.2 வோல்ட், 200 ஆம்பியர் மணி. அதாவது 10 யூனிட்டுக்குக் கொஞ்சம் மேலே. 5 கேவிஏ இன்வெர்ட்டர், உள்ளேயே சார்ஜரும் சேர்ந்தது. வீட்டுச் செலவு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 5 யூனிட். ஜெனரேட்டர் மேல் பெரிய எழுத்தில் 3 கேவிஏ என்று இருக்கும். கீழே தகட்டில் சிறிய எழுத்தில், தொடர்ந்து ஓட்டினால் 2.5 என்று இருக்கும். கணக்குப் போட வேண்டியது அந்தச் சிறிய எழுத்தை வைத்துத்தான். 230 வோல்ட்டில் அது 10.9 ஆம்பியர்.

இன்வெர்ட்டரின் ஏசி உள்ளீட்டில் (ஏசி என்றால் வீட்டில் ஓடும் மாறுதிசை மின்சாரம்) ஜெனரேட்டரைக் கொடுத்தால் வேலை முடிந்தது என்று நினைத்திருந்தேன். உள்ளீடு என்று சொன்னதைக் கவனியுங்கள். வீட்டுக்குப் போகும் வெளியீட்டு லைனில் எங்காவது ஒரு பிளக்கில் ஜெனரேட்டரைச் செருகினால் இரண்டு மின்சாரமும் நேருக்கு நேர் மோதிக்கொள்ளும். இன்வெர்ட்டர் அந்த நொடியே செத்துப்போகும். பிளக்கைப் பிடித்திருக்கும் ஆளுக்கும் ஆபத்து.

சரி, கயிற்றை இழுத்தேன். இருபது தடவை இழுத்தும் ஒரு இருமல்கூட இல்லை. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் பொறியே வரவில்லை. காயில் போய்விட்டது என்று முடிவுகட்டும் நேரத்தில்தான் கவனித்தேன், ஜெனரேட்டர் சரிவான இடத்தில் நிற்கிறது. ஆயில் அளவு குறைந்தால் பொறியை வெட்டிவிடும் சென்சார் ஒன்று இந்த வகை எஞ்சின்களில் உண்டு. சரிவில் ஆயில் ஒரு பக்கமாக ஒதுங்கியதும் அது ஏமாந்துவிட்டது. சமதளத்துக்கு நகர்த்தி, கொஞ்சம் ஆயில் ஊற்றி இழுத்ததும் கிளம்பியது. தோள்பட்டை வலி மட்டும் இரண்டு நாள் மிச்சம்.

கிளம்பியதே தவிர ஓட்டம் சீராக இல்லை. ஊம்ம்... ஊம்ம்... என்று ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது. அப்படியே இன்வெர்ட்டருக்குக் கொடுத்தேன். பத்து விநாடியில் உள்ளே ரிலே, அதாவது தானாகச் சேர்ந்து பிரியும் ஸ்விட்ச், டக் என்று சேர்ந்தது, ஜெனரேட்டர் முனகி அமுங்கியது, டக் என்று பிரிந்தது, ஜெனரேட்டர் அலறி எழுந்தது, மறுபடி டக். இதே கூத்து ஐந்து தடவை. ஆறாவது தடவை எஞ்சின் நின்றேவிட்டது.

காரணம் ஒன்றல்ல, மூன்று என்பது பிறகு தெரிந்தது. முதலாவது வெட்கக்கேடு. இன்வெர்ட்டரின் ஏசி சார்ஜ் கரண்ட் 60 ஆம்பியரில் இருந்தது. ஏசி உள்ளீட்டில் இதுவரை ஒன்றையும் கொடுத்ததில்லை என்பதால் அந்த செட்டிங்கை நான் எட்டிப் பார்த்ததே இல்லை. 60 ஆம்பியரை 53 வோல்ட்டால் பெருக்கினால் 3180 வாட். சார்ஜரில் பத்து சதவீதம் வெப்பமாகப் போனால் ஜெனரேட்டர் தர வேண்டியது 3500 வாட்டுக்கு மேல். 2.5 கேவிஏ எஞ்சின் வேறென்ன செய்யும், நிற்கத்தான் செய்யும்.

இரண்டாவது, கார்புரேட்டர். இரண்டு வருடப் பெட்ரோல் உள்ளேயே கிடந்து, ஆவியானது போக மிச்சம் பிசினாக உட்கார்ந்திருந்தது. கிண்ணத்தைக் கழற்றினால் அடியில் தேன் நிறத்தில் ஒரு படலம். நகத்தால் சுரண்டினால் மெழுகு மாதிரி வருகிறது. நடுவில், பெட்ரோலை அளந்து விடும் பித்தளை ஜெட்டைத் திருகி எடுத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன். ஊசி முனை அளவு ஓட்டை வட்டமாகத் தெரிய வேண்டும். எனக்குத் தெரிந்ததோ தேய்பிறை நிலா. மெல்லிய வயரிலிருந்து ஒற்றைச் செம்பு இழையை உருவி, முன்னும் பின்னும் விட்டு எடுத்து, கிளீனர் ஸ்பிரே அடித்ததும் முழு வட்டம் திரும்பியது. எஃகு ஊசியால் குத்தாதீர்கள். பித்தளை மெத்தென்றது, ஓட்டை பெரிதானால் எஞ்சின் பெட்ரோலைக் குடிக்கும், கறுப்புப் புகை விடும். மாட்டி, புதுப் பெட்ரோல் ஊற்றியதும் ஊம்ம் ஊம்ம் போய் ஒரே சுருதியில் ஓடியது.

கையோடு வேகத்தையும் சரிபார்த்தேன். இந்த மாதிரிச் சிறிய ஜெனரேட்டர் நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றினால் 50 ஹெர்ட்ஸ். லோடு ஏற ஏற வேகம் கொஞ்சம் இறங்கும். எஞ்சின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் இயந்திரக் கவர்னரின் இயல்பு அது. அதனால் லோடு இல்லாதபோது சரியாக 50-ல் வைத்தால், லோடு வந்ததும் 48-க்குப் போய்விடும். கவர்னர் ஸ்பிரிங்கின் திருகைக் கால் சுற்று கால் சுற்றாகத் திருப்பி, சும்மா ஓடும்போது 52.1 என்று வைத்தேன். 1500 வாட் ஹீட்டரைப் போட்டபோது 50.2 வந்து நின்றது. போதும்.

மூன்றாவது காரணம்தான் எனக்குப் புதிது. சார்ஜ் கரண்ட்டை 20 ஆம்பியராகக் குறைத்துவிட்டு மறுபடி கொடுத்தேன். பேட்டரிக்குப் போவது 1060 வாட். ஜெனரேட்டரிலிருந்து எடுப்பது மிஞ்சிப்போனால் 1200 வாட். 1500 வாட் ஹீட்டரை அலட்டாமல் இழுத்த எஞ்சின் இதற்கு ஏன் திணற வேண்டும்? வயரைக் கவ்வி ஆம்பியரை அளக்கும் கிளாம்ப் மீட்டரைப் போட்டுப் பார்த்தேன். ஹீட்டருக்கு 6.5 ஆம்பியர். சார்ஜருக்கு 8 ஆம்பியர்! வாட் குறைவு, ஆம்பியர் அதிகம். பவர் ஃபேக்டர் என்று பாடப்புத்தகத்தில் படித்தது கண்ணெதிரே நின்றது. இந்தச் சார்ஜர் மின் அலையின் உச்சியில் மட்டும் வெடுக்கென்று கடித்து எடுக்கிறது, மற்ற நேரம் சும்மா இருக்கிறது. 230-ஐ 8-ஆல் பெருக்கினால் 1840. அதில் உருப்படியான வேலை 1200 வாட். பவர் ஃபேக்டர் 0.65. ஜெனரேட்டரின் செம்புச் சுருள் சூடாவது ஆம்பியரைப் பொறுத்து, அதற்கு வாட் கணக்கு தெரியாது. இந்தக் கடிகடி அலையைப் பார்த்து ஜெனரேட்டரின் வோல்ட்டேஜ் ரெகுலேட்டரும் குழம்புகிறது. இன்னொன்று: இதை அளக்க ட்ரூ ஆர்எம்எஸ் வகை மீட்டர் வேண்டும். சாதா மீட்டர் இந்த அலைக்குத் தவறான எண்ணைக் காட்டிவிடும்.

ஏசி உள்ளீட்டில் எவ்வளவு ஏறி இறங்கும் மின்சாரத்தை ஏற்கலாம் என்பதற்கு இன்வெர்ட்டரில் இரண்டு வரம்பு இருந்தது: கம்ப்யூட்டர் மாதிரி நுணுக்கமான சாதனங்களுக்குக் குறுகியது, மற்றதுக்கு அகலமானது. அகலமானதற்கு மாற்றியதும் ரிலேயின் டக் டக் ஓய்ந்தது. அன்று இரண்டு மணி நேரம் ஓட்டினேன். பேட்டரி ஏறியது. ஜெயித்தாயிற்று என்று உள்ளே போய் உட்கார்ந்தேன்.

அப்போது யாரோ தண்ணீர் மோட்டாரைப் போட்டார்கள்.

அரை குதிரைச் சக்தி மோட்டார்தான். ஆனால் கிளம்பும் நொடியில் ஓட்டக் கரண்ட்டைப் போல ஐந்தாறு மடங்கு இழுக்கும். பேட்டரியில் ஓடும்போது இன்வெர்ட்டர் அதை முகம் சுளிக்காமல் தாங்கிக்கொள்ளும். ஏசி உள்ளீட்டில் மின்சாரம் வந்துவிட்டாலோ, என் இன்வெர்ட்டர் வீடு முழுவதையும் அப்படியே ஜெனரேட்டர் தலையில் கட்டிவிட்டு ஓரமாய் நின்றுகொள்ளும். விளக்கு மங்கி, எஞ்சின் இருமி, ரிலே பிரிந்து, வீடு மறுபடி பேட்டரிக்குத் தாவியது. பற்றாக்குறையைப் பேட்டரியிலிருந்து கொடுத்து ஜெனரேட்டருக்குக் கைகொடுக்கும் விலையுயர்ந்த இன்வெர்ட்டர்கள் இருக்கின்றன. என்னுடையது அந்த ஜாதி இல்லை.

அன்று இன்னொன்றையும் அளந்தேன். அதை அளக்காமல் விட்டிருந்தால் இன்றும் ஆபத்தோடுதான் குடியிருந்திருப்பேன். ஜெனரேட்டர் வழியாக வீடு ஓடும்போது பேஸுக்கும் எர்த்துக்கும் இடையே 118 வோல்ட், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே 112 வோல்ட். அதாவது நியூட்ரல் எர்த்தோடு எங்கேயும் சேரவில்லை, அந்தரத்தில் தொங்குகிறது. பேட்டரியில் ஓடும்போது இன்வெர்ட்டரே உள்ளுக்குள் ஒரு ரிலேயால் நியூட்ரலையும் எர்த்தையும் சேர்த்து வைக்கும். வெளியிலிருந்து மின்சாரம் வந்ததும், அங்கே ஏற்கெனவே சேர்ந்திருக்கும் என்று நம்பி, தன் இணைப்பைப் பிரித்துவிடும். பெரும்பாலான சிறிய ஜெனரேட்டர்களில் அப்படி ஒரு இணைப்பே கிடையாது. விளைவு, ஷாக் அடித்தால் விழ வேண்டிய ஆர்சிசிபி, அதாவது மின்கசிவைப் பார்த்து இணைப்பை வெட்டும் ஸ்விட்ச், முதல் பழுதுக்கு விழாது. இதில் ஏமாற்று எங்கே என்றால், அதன் டெஸ்ட் பட்டனை அழுத்தினால் ஒழுங்காக விழும்! அந்தப் பட்டன் பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே உள்ளேயே ஒரு சின்னக் கசிவை உண்டாக்கிப் பார்க்கிறது, அவ்வளவுதான். எர்த் பக்கமே போவதில்லை. பட்டன் விழுகிறது என்று நிம்மதியாக இருந்தவன் நான்.

இரண்டு நாள் யோசித்தேன். மோட்டார் போடாதே, மிக்சி போடாதே, இஸ்திரி போடாதே என்று ஜெனரேட்டர் ஓடும் நேரமெல்லாம் வீட்டில் காவல் நிற்க முடியாது. எர்த் சிக்கல் வேறு. அப்போதுதான் புத்தியில் பட்டது. ஜெனரேட்டர் எதற்கு வீட்டைப் பார்க்க வேண்டும்? அது பேட்டரியை மட்டும் பார்த்தால் போதுமே. பேனல் எப்படியோ அப்படி இதுவும் பேட்டரிக்கு மின்சாரம் கொண்டுவரும் இன்னொரு வழி. வீடு எப்போதும் போல இன்வெர்ட்டரிலேயே கிடக்கட்டும்.

இன்வெர்ட்டரின் ஏசி உள்ளீட்டை அன்றே கழற்றிவிட்டேன். தனியாக ஒரு பேட்டரி சார்ஜர் வாங்கினேன்: 48 வோல்ட் வகை, 30 ஆம்பியர், உள்ளே பவர் ஃபேக்டர் திருத்தம் உள்ளது. அந்தத் திருத்தம் இருக்கிறதா என்று கேட்டு வாங்குவதில்தான் விஷயமே இருக்கிறது. ஜெனரேட்டர் – சார்ஜர் – பேட்டரி பஸ்பார் (பேட்டரி வயர்கள் எல்லாம் சேரும் உலோகப் பட்டை), இவ்வளவுதான் பாதை. கணக்கும் அழகாக உட்கார்ந்தது. 30 ஆம்பியர், 53 வோல்ட், 1590 வாட். ஜெனரேட்டர் தருவது 1730 வாட். கிளாம்ப் மீட்டரில் 7.7 ஆம்பியர். தகட்டில் சொன்ன 10.9-ல் 70 சதவீதம். மோட்டார் கிளம்பினாலும் ஃபிரிட்ஜ் கிளம்பினாலும் அந்த 7.7 அசைவதே இல்லை. அடிக்கிற அலையையெல்லாம் பேட்டரி வாங்கிக்கொள்கிறது. எஞ்சின் சத்தத்தில் ஏற்ற இறக்கமே கிடையாது. முதல் நாள் கொட்டகை வாசலில் நின்று அந்தச் சத்தத்தையே கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஹெர்ட்ஸ் பற்றிய கவலையும் போயிற்று. 48 வந்தாலும் 53 வந்தாலும் சார்ஜருக்கு ஒன்றுதான். இன்வெர்ட்டரின் நியூட்ரல் - எர்த் இணைப்பு எப்போதும் சேர்ந்தே இருக்கிறது. ஜெனரேட்டர் பக்கத்துக்குத் தனி ஆர்சிசிபி, ஒரே ஓர் இடத்தில் நியூட்ரல் - எர்த் இணைப்பு, ஜெனரேட்டரின் உலோக உடம்புக்கு எர்த் கம்பி. இதை மட்டும் நானாகச் செய்யவில்லை. உரிமம் உள்ள எலக்ட்ரீஷியன் செய்தார், நான் டார்ச் பிடித்தேன்.

சார்ஜரின் வோல்ட்டேஜை 56.0-ல் வைத்தேன், அதாவது செல்லுக்கு 3.5. சோலார் கன்ட்ரோலர் 56.8-ல் இருக்கிறது. ஜெனரேட்டர் வேண்டுமென்றே ஒரு படி கீழே. கடைசிக் கொஞ்சத்தை நிரப்புவது வெயிலின் வேலை. இரண்டும் சேர்ந்து முழு மூச்சில் தந்தால் எவ்வளவு என்றும் கூட்டிப் பார்த்தேன். சோலார் 68, சார்ஜர் 30, மொத்தம் 98 ஆம்பியர். பேட்டரிக்குள் இருந்து அதைக் காக்கும் பிஎம்எஸ் சர்க்யூட்டின் வரம்பு 100. மயிரிழைதான், ஆனால் நல்ல வெயிலில் ஜெனரேட்டர் ஓட்டுகிறவன் யார்?

பேட்டரிக்கும் சார்ஜருக்கும் நடுவே 40 ஆம்பியர் டிசி ஃபியூஸ் (டிசி என்றால் பேட்டரி தரும் ஒருதிசை மின்சாரம்). கையில் இருந்த ஏசி எம்சிபி (ட்ரிப் ஸ்விட்ச்) ஒன்றையே போட்டுவிடலாம் என்று ஒரு நண்பர் சொன்னார். வேண்டாம் என்றேன். ஏசி மின் அலை நொடிக்கு நூறு தடவை பூஜ்ஜியத்தைத் தொடும், தீப்பொறி அங்கேயே அணைந்துவிடும். டிசிக்கு அந்தப் பூஜ்ஜியம் கிடையாது. ஏசிக்கென்று செய்த ஸ்விட்சுக்குள் பொறி வில்லாக நின்று எரியும்.

வயர் விஷயத்தில் ஒரு சூடு பட்டேன், நிஜமாகவே. கொட்டகைக்கும் வீட்டுக்கும் 20 மீட்டர். முதலில் சுருளில் சுற்றிய எக்ஸ்டென்ஷன் வயர் ஒன்றைப் பாதி மட்டும் இழுத்துவிட்டு, மீதியைச் சுருளிலேயே விட்டிருந்தேன். ஒரு மணி நேரம் கழித்துத் தொட்டால் கை பொசுங்கியது. 1 சதுர மில்லிமீட்டர் வயர், 8 ஆம்பியர். விரித்துப் போட்டிருந்தால்கூட ஒப்பேற்றியிருக்கும், சுருளுக்குள் வெப்பம் போக இடமில்லை. இப்போது 4 சதுர மில்லிமீட்டர் கேபிள், குழாய்க்குள். போக வர 40 மீட்டருக்கு இழப்பு ஒன்றரை வோல்ட்டுக்குள்.

இருபது மீட்டர் தூரம் வைத்தது சத்தத்துக்காக மட்டும் இல்லை. எஞ்சின் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது, அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. வராந்தாவில், கார் ஷெட்டில், ஜன்னலுக்கு அடியில் வைத்து ஓட்டித் தூக்கத்திலேயே போனவர்கள் எத்தனையோ பேர். ஆறு மீட்டராவது தள்ளி, புகைக்குழல் வீட்டுக்கு எதிர்த்திசையில் இருக்க வேண்டும். என் கொட்டகைக்கு மேலே தகரம் மட்டும்தான், பக்கச்சுவர் மூன்றையும் எடுத்துவிட்டேன். வீட்டுக்குள்ளும் ஒரு கார்பன் மோனாக்சைடு அலாரம் மாட்டியிருக்கிறது.

அப்புறம் பெட்ரோல் கணக்கு. டேங்கை விளிம்பு வரை நிரப்பி, ஒரு மணி நேரம் ஓட்டி, ஆறவிட்டு, அளவுக் குவளையால் மறுபடி நிரப்பிப் பார்த்தேன். 30 ஆம்பியர் போகும்போது மணிக்கு 1.05 லிட்டர்; பேட்டரிக்குப் போனது 1.59 யூனிட். அதாவது யூனிட்டுக்கு 0.66 லிட்டர். ஒரு தடவை ஆசைப்பட்டு 100 சதவீதம் வரை ஓட்டிப் பார்த்தேன். கடைசியில் கரண்ட் 7 ஆம்பியராக இளைத்துவிட்டது, எஞ்சின் மட்டும் அதே இரைச்சல். அந்த ஒரு மணி நேரத்துக்கு 0.6 லிட்டர், கிடைத்தது 0.37 யூனிட். யூனிட்டுக்கு 1.6 லிட்டர்! சும்மா சுற்றுவதற்கே எஞ்சினுக்கு ஒரு கூலி கொடுக்க வேண்டியிருக்கிறது, லோடு குறைந்தால் அந்தக் கூலி மட்டும்தான் மிஞ்சும். டீசல் எஞ்சினாக இருந்தால் இன்னும் மோசம். குறைந்த லோடில் நெடுநேரம் ஓட்டினால் எரியாத டீசல் சைலன்சரில் கறுப்புப் பிசினாகக் கசியும்.

ஆகவே நான் ஓட்டுவது காலையில், ஏழு மணிக்கு மேல், இரண்டு மணி நேரம். மாலையில் ஓட்டி நிரப்பிவைத்து, மறுநாள் வெயில் வந்துவிட்டால் அந்த வெயிலுக்குப் பேட்டரியில் இடம் இருக்காது. பெட்ரோல் எரித்து வெயிலை வீணாக்கிய கதைதான். காலையில் 25 சதவீதத்துக்குக் கீழே இருந்து, வானமும் மூடிக்கிடந்தால் மட்டும் ஓட்டுவேன். இரண்டு மணி நேரத்தில் 60 ஆம்பியர் மணி உள்ளே போகிறது, 30 சதவீதம் ஏற வேண்டும். ஏறுவது 22. மீதியை அதே நேரத்தில் வீடு சாப்பிட்டுவிடுகிறது. இது புரியாமல் முதல் வாரம் சார்ஜர் மேல் சந்தேகப்பட்டேன்.

லெட் ஆசிட் பேட்டரி வைத்திருப்பவர்களுக்கும் இதே முறை இன்னும் பொருந்தும். அதன் கடைசி இருபது சதவீதம் மணிக்கணக்கில் சொட்டுச் சொட்டாகத்தான் ஏறும். அதை வெயிலுக்கு விட்டுவிடுங்கள். ஆனால் அது அடிக்கடி முழுதாக நிரம்பியாக வேண்டும், லித்தியத்துக்கு அந்தக் கட்டாயம் இல்லை. கரண்ட்டும் குறைவாக, 150 ஆம்பியர் மணிக்கு 15 முதல் 30-க்குள் வைக்க வேண்டும்.

தானாகவே ஸ்டார்ட் ஆகிற மாதிரி செய்யலாமே என்று கேட்பார்கள். பேட்டரி வோல்ட்டேஜை வைத்துச் செய்ய நினைத்தால் லித்தியத்தில் சரிவராது. 30 சதவீதத்துக்கும் 70 சதவீதத்துக்கும் இடையே வித்தியாசம் ஒரு வோல்ட் அளவுதான். மோட்டார் கிளம்பினாலே அதைவிட அதிகம் இறங்கும், நடுராத்திரி எஞ்சின் கிளம்பி நிற்கும். ஷன்ட் (கரண்ட்டை அளக்கப் பாதையில் வைக்கும் சின்ன ரெசிஸ்டர்) வைத்து ஆம்பியர் மணியை எண்ணும் மீட்டர் வேண்டும். என்னுடையதோ கயிறு இழுக்கிற எஞ்சின், சோக்கும் கையால்தான். அதனால் அந்தப் பேச்சை விட்டுவிட்டேன்.

ஓட்டும் வரிசை இதுதான்: சார்ஜர் ஸ்விட்ச் அணைந்திருக்க, எஞ்சினைக் கிளப்பி, சோக்கை மெல்லத் திறந்து, மூன்று நிமிடம் சூடாக விடுவேன். பிறகு சார்ஜர். நிறுத்தும்போது முதலில் சார்ஜரை அணைத்துவிட்டு, எஞ்சின் சாவியைத் தொடாமல் பெட்ரோல் குழாயை மட்டும் மூடுவேன். கிண்ணத்தில் இருப்பது தீரும்வரை ஓடி, கடைசியில் ஒரு முறை எகிறி, தானாக நிற்கும். எஞ்சினும் ஆறிவிடுகிறது, ஜெட்டில் பிசின் பிடிக்கவும் வழியில்லை. மாதம் ஒரு முறை, தேவை இல்லாவிட்டாலும், அரை மணி நேரம் லோடோடு ஓட்டுகிறேன். ஆயில் முதல் 20 மணி நேரத்தில் ஒரு முறை, பிறகு 100 மணிக்கு ஒரு முறை.

கொட்டகைத் தூணில் ஒரு நோட்டு தொங்குகிறது. நேற்றைய வரி: காலை 7:10 முதல் 9:05, 24-லிருந்து 45 சதவீதம், 2 லிட்டர், 50.3 ஹெர்ட்ஸ். ஓரத்தில் பென்சிலால் எழுதியிருப்பது, நடுவில் இரண்டு தடவை மோட்டார் போட்டார்கள். எஞ்சினுக்குத் தெரியவே இல்லை.